சில்லு கோத்த வாரம்: ஒரு தொடக்கப் பள்ளியின் ஐந்து நாள்கள்

2025 பிப்ரவரி 17 முதல் 21 வரை எங்கள் பள்ளியில் நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். அந்த ஐந்து நாளில் விளையாட்டு, சுற்றுலா, வகுப்புப் பாடம் மூன்றும் இருந்தன. திட்டம் போட்டபோது மூன்றையும் தனித்தனியாகத்தான் போட்டோம்: முதல் இரண்டு நாள் விளையாட்டு, புதன்கிழமை கீழடி, வியாழனும் வெள்ளியும் பார்த்து வந்ததைப் பற்றிய பாடம். மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது புதன்கிழமை பகல் பதினொன்றரை மணிவாக்கில். அதுவும் எங்கள் திட்டத்திலேயே இல்லாத ஒரு பொருளால். அது எப்படி நடந்தது, நாங்கள் எங்கே தவறினோம் என்பது எங்களைப் போன்ற சிறிய பள்ளிகளின் ஆசிரியர்களுக்குப் பயன்படலாம்.

பள்ளியும் பிள்ளைகளும்

மதுரை மாவட்டத்துக் கரிசல்காட்டு ஊர் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை 41 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பதால், ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாங்கள் இருவர். ஒன்று, இரண்டு, மூன்று என் சக ஆசிரியருக்கு. நான்கும் ஐந்தும், பதிவேடுகளும், அலுவலகக் கடிதங்களும் எனக்கு. தொடக்கப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் கிடையாது. விசில் ஊதுவதும் நாங்கள்தான்.

அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்வதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் வந்தது. அதில் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். இந்தக் குறிப்பில் அடிக்கடி வரப்போகிற நான்காம் வகுப்புச் சிறுமி அப்போது அரும்பு. எழுத்தெழுத்தாகச் சொல்வாள், இரண்டு மூன்று எழுத்துச் சொல்லைக் கூட்டுவாள், வாக்கியம் என்று வந்தால் புத்தகத்தை மூடிவிடுவாள். வாயாடி அல்ல. வகுப்பில் அவள் குரல் கேட்டதே குறைவு. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில், கட்டத்துக்குள் சில்லு எறிந்து ஒற்றைக்காலில் தாண்டுகிற பாண்டி விளையாட்டுக் கூட்டத்தில் மட்டும் அவள் வைத்ததுதான் சட்டம்.

திங்கள், செவ்வாய்

முதல் நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 50 மீட்டர் ஓட்டம், தவளை ஓட்டம், சாக்கு ஓட்டம், எலுமிச்சம்பழக் கரண்டி. சுண்ணாம்புத் தூளில் கோடு கிழித்தோம். எல்லாவற்றிலும் அதே நான்கு பிள்ளைகள் ஜெயித்தார்கள், மற்றவர்கள் மதியத்துக்கு மேல் வேப்பமரத்து நிழலுக்கு ஒதுங்கிவிட்டார்கள். ஜெயிக்கிற நான்கு பேருக்கு ஒரு நாளைக் கொடுத்துவிட்டு அதற்கு விளையாட்டு நாள் என்று பெயர் வைத்திருந்தோம்.

செவ்வாயன்று கோகோவுக்கும் கபடிக்கும் மாறினோம். மெதுவாக ஓடுகிற பிள்ளைக்கும் கோகோவில் ஒரு வேலை உண்டு. உட்கார்ந்திருந்து சரியான நேரத்தில் எழத் தெரிந்தால் போதும். அன்று நிழலுக்கு ஒதுங்கியவர்கள் குறைவு. இடைவேளையில் சிறுமிகள் பாண்டிக் கட்டம் கிழித்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சேர்ந்து ஆடச் சொன்னேன். "அது பொட்டப்புள்ளைக விளையாட்டு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பந்தைத் தூக்கிக்கொண்டு போனான். அந்தச் சொல்லை அப்போது நான் அப்படியே விட்டுவிட்டேன். வியாழனன்று அது தானாகவே என்னிடம் திரும்பி வந்தது.

புதன்: கீழடி

காலை உணவை முடித்துக்கொண்டு எட்டே முக்காலுக்கு வண்டி கிளம்பியது. வட்டாரக் கல்வி அலுவலர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து எல்லாம் முந்தைய வாரமே வாங்கியாகிவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு தாய்மார்கள் கூட வந்தார்கள். புளிச்சோறும் அவித்த முட்டையும் அவர்கள் பொறுப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஜோடி சேர்த்திருந்தோம். இது நன்றாக வேலை செய்தது. இறங்கும் இடத்திலெல்லாம் நாங்கள் தலையை எண்ணுவதற்கு முன்பே பெரிய பிள்ளைகள் தங்கள் ஜோடியைக் காட்டிவிட்டார்கள். வந்தவர்கள் 38 பேர். வராத மூன்று பேரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கீழடியை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்றால், ஒன்றே கால் மணி நேரப் பயணம், நுழைவுக் கட்டணம் மாணவருக்கு 5 ரூபாய், பாடத்தோடு சேரும். இதற்குமேல் அப்போது யோசிக்கவில்லை. 2014இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியது. பிறகு தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை தொடர்ந்தது. பள்ளிச்சந்தைத் திடல் என்ற தென்னந்தோப்பில் கிடைத்த பொருள்களைக் கொண்டு 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீடு மாதிரியான கட்டடங்கள். வேளாண்மையும் நீர் மேலாண்மையும், கலம் செய் கோ, ஆடையும் அணிகலன்களும், கடல்வழி வணிகம், வாழ்வியல் என்று பகுதிக்கு ஒரு பெயர்.

உள்ளே போனதும் நான் செய்த காரியம்தான் இந்த வாரத்தின் பெரிய பிழை. இருபது கேள்வி கொண்ட பயிற்சித்தாளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். எந்த ஆண்டு, எத்தனை அடி ஆழம், எந்த மணி எந்த ஊரிலிருந்து வந்தது என்று கோடிட்ட இடங்கள். அடுத்த அரை மணி நேரம் பிள்ளைகள் பெட்டிகளைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் எழுதியிருந்த பலகையைப் பார்த்தார்கள், தாளைப் பார்த்தார்கள், அடுத்தவன் தாளைப் பார்த்தார்கள். வாசிக்கத் தெரிந்தவன் எழுத, மற்றவர்கள் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து காப்பியடித்தார்கள். கண்ணாடிக்குள் சூதுபவள மணி சிவப்பாகக் கிடக்கிறது, அதற்கு முதுகைக் காட்டி நின்று "கார்னீலியன்" என்ற சொல்லுக்கு எழுத்துக் கேட்கிறது ஒரு பிள்ளை. நான்காம் வகுப்புச் சிறுமி தாளை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நடந்தாள்.

என் சக ஆசிரியர்தான் முதலில் சொன்னார்: "டீச்சர், இதை வாங்கிருவமா?" 38 தாளையும் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டேன். "இனிமே எழுத வேணாம். உங்க வீட்டுல இருக்கிற மாதிரி ஏதாச்சும் இங்க இருக்கான்னு மட்டும் பாருங்க" என்றேன். அந்தக் கேள்வி முன்கூட்டித் தயாரித்தது அல்ல, அந்த இடத்தில் வாயில் வந்தது.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. "டீச்சர், சில்லு!" என்று ஒரு சத்தம். வகுப்பில் நான் கேட்டே அறியாத அளவு பெரிய சத்தம். எல்லோரும் திரும்பினோம். கண்ணாடிக்குள் வட்ட வட்டமாகப் பானை ஓடுகள். கீழடியில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருப்பவை. பக்கத்தில் ஆட்டக்காய்களும் பகடைகளும் இருந்தன. அவள் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அது சில்லுதான்னு எப்படித்தா சொல்ற?" என்று கேட்டேன்.

"ஓரம் பாருங்க டீச்சர். ஒடைஞ்சது இல்ல, தேச்சது. ஒடைஞ்ச ஓடா இருந்தா காலுல குத்தும். கல்லுல வச்சு இப்பிடித் தேச்சா இப்பிடித்தான் வழுவழுன்னு வரும். எங்க அப்பத்தா சொல்லிக் குடுத்துச்சு."

உடைந்த பானையின் ஓட்டை எடுத்து, ஓரத்தைத் தட்டி, தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் இவை என்றுதான் தொல்லியலாளர்களும் சொல்கிறார்கள். அவர்கள் அந்த முடிவுக்கு வரப் பார்க்கும் அடையாளமும் ஓரத்தின் தேய்மானம்தான். வாக்கியம் வாசிக்க மாட்டாத ஒரு பிள்ளை சான்றைக் காட்டி, காரணம் சொல்லி, முடிவுக்கு வந்துவிட்டாள். நான்கு வருடமாக அவளுக்கு நாங்கள் வைத்த எந்தச் சோதனையிலும் இந்த அறிவுக்கு இடம் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு அருங்காட்சியகமே வேறு இடமாகிவிட்டது. நூல் நூற்கும் தக்களியைப் பார்த்து ஒரு பிள்ளை தன் தாத்தா வீட்டுப் பரணில் இருக்கிறது என்றது. உறைகிணற்றைப் பார்த்த இன்னொன்று அதற்குள் அப்போது தண்ணீர் எத்தனை அடியில் கிடந்திருக்கும் என்று கேட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் தோன்றும். எழுத்துப் பொறித்த ஓடுகளுக்கு வந்தோம். ஆதன், குவிரன் என்ற பெயர்கள் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருப்பதைச் சொன்னேன். பானையில் எதற்குப் பெயர் எழுத வேண்டும் என்று கேட்டதும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சிறிதும் யோசிக்காமல், "மாறிப் போயிரக் கூடாதுல்ல. எங்கம்மா தூக்குவாளியில பேரு வெட்டியிருக்கே" என்றான். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டும் பழக்கமும் ஓட்டில் பெயர் கீறும் பழக்கமும் ஒன்றுதான் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

திரும்பி வரும்போது மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். எலுமிச்சம்பழமும் துணியும் கையில் இருந்தன.

வியாழன்: 26 மீட்டர்

அன்று காலையில் போட்டு வைத்திருந்த பாடத்திட்டத்தை ஒதுக்கிவிட்டோம். பிள்ளைகள் வந்ததும் வந்ததுமாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அது எம்புட்டு நாளைக்கு முன்னாடி? கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டைக் கதிரியக்கக் கரிமப் பகுப்பாய்வுக்கு அனுப்பியதில் பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்று காலம் கிடைத்தது. ஏறத்தாழ 2600 ஆண்டுகள். இந்த எண்ணை எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்வதும் சொல்லாததும் ஒன்றுதான். நூறு வருடமும் இரண்டாயிரம் வருடமும் அவர்களுக்கு "ரொம்ப நாளைக்கு முன்னாடி" என்கிற ஒரே பைதான்.

திங்கட்கிழமை கிழித்த ஓட்டப் பாதை அழியாமல் கிடந்தது. என் சக ஆசிரியர் அதைக் காட்டி, ஒரு மீட்டரை நூறு வருடம் என்று வைத்துக்கொள்வோமா என்றார். தொடக்கக் கோடுதான் இன்று. கயிறு பிடித்து அளந்து முளைக்குச்சி அடித்தோம். சுதந்திரம் கிடைத்த 1947 முதல் மீட்டருக்குள்ளேயே, 78 செ.மீ.யில். ஊரிலேயே மூத்த பாட்டியின் பிறப்பும் அதன் பக்கத்தில்தான். மதுரையில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த திருமலை நாயக்கர் மகால், 1636, நான்கு மீட்டருக்குச் சற்று முன்னால். தஞ்சைப் பெரிய கோயில், 1010, பத்து மீட்டரைத் தாண்டி ஒரு சாண் தள்ளி. கீழடி 26ஆவது மீட்டரில். அங்கே போய் நின்று திரும்பிப் பார்த்த ஒரு பிள்ளை, "மகாலு நம்ம பக்கத்துலயே இருக்கு டீச்சர்" என்றது. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அன்றைய நாளைச் செலவழித்திருக்கலாம்.

பிறகு கீழடி வரை ஓடித் திரும்புகிற ஓட்டம் நடந்தது. குச்சியைத் தொடும்போது அதன் பெயரைக் கத்த வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் "மகாலு!" என்று கத்திவிட்டு அங்கேயே திரும்பிவிட்டார்கள்.

அந்த 353 செ.மீ. மூன்றாம் வகுப்புக்கு நல்ல கணக்கானது. 3 மீட்டர் 53 சென்டிமீட்டர் என்று மாற்றி எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்கும் அது எவ்வளவு என்று தெரியவில்லை. வராந்தாவில் மூன்று பேரைத் தலைமாடு கால்மாடாகப் படுக்க வைத்தோம். மூன்று பேரும் சேர்ந்து அந்த ஆழத்தை ஏறக்குறைய நிரப்பினார்கள். வகுப்பறைக் கதவைவிட அது உயரம் என்று தெரிந்ததும், அவ்வளவு ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டினார்களா, கரண்டியால் சுரண்டினார்களா என்று கேள்வி வந்தது. சுரண்டித்தான் எடுப்பார்கள் என்று சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை.

மதியம் சிறுமியை நடுவில் உட்கார வைத்தோம். குயவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த உடைந்த பானை ஓட்டைத் தட்டுவதும் தேய்ப்பதும் அவள் சொல்லிக்கொடுக்க எல்லோரும் செய்தார்கள். எது நல்ல சில்லு என்பதில் சண்டை வந்தது. கூரை ஓட்டுச் சில்லு கனம், எறிந்தால் எகிறாது, ஆனால் காலால் தள்ளும்போது நகராது. பானை ஓடு நகரும், ஆனால் எகிறும் என்றாள். எறிந்து பார்த்துவிடுவோம் என்று ஐந்தாம் வகுப்பு சொன்னது. ஒவ்வொரு வகைக்கும் இருபது எறி, கட்டத்துக்குள் விழுந்தவை எத்தனை என்று பலகையில் கோடு போட்டு எண்ணினார்கள். விட்டத்தை நூல் வைத்து அளந்தார்கள். "பொட்டப்புள்ளைக விளையாட்டு" என்று சொன்ன பையன் தன் முறைக்காக வரிசையில் நின்றான். அவனுக்கு ஒற்றைக்காலில் ஏழாம் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. மறுபடி மறுபடி வந்து கேட்டான். கீழடியில் இதை ஆடியவர்கள் ஆணா பெண்ணா என்று அந்த ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று அவனையே கேட்டேன். யோசித்துவிட்டு, "முடியாது டீச்சர்" என்றான்.

வெள்ளி: ஓட்டில் பெயர்

பிப்ரவரி 21 தாய்மொழி நாள். காலை வணக்கக் கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டு, தமிழி எழுத்து அட்டவணையைப் பலகையில் வரைந்தேன். க என்பது கூட்டல் குறி மாதிரி, ர என்பது நேராக நிற்கிற ஒற்றைக் கோடு. "கூட்டல் போட்டா க-வா!" என்று ஒரே ஆரவாரம். ஆளுக்கொரு ஓட்டுத் துண்டில் ஆணியால் தங்கள் பெயரைக் கீற வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். வழக்கமாக எழுத்து வேலை கொடுத்தால் மலர் நிலைப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழுந்து நிற்பார்கள், அரும்புப் பிள்ளைகள் அவர்களைப் பார்த்ததுமே பென்சிலை வைத்துவிடுவார்கள். தமிழி எழுத்தில் அது நடக்கவில்லை. அந்த எழுத்து அங்கே யாருக்கும் தெரியாது. நன்றாக வாசிக்கிற பிள்ளையும் ஒவ்வோர் எழுத்தாகப் பலகையைப் பார்த்து, விரல் வைத்து, கூட்டித்தான் எழுத வேண்டியிருந்தது. எழுத்துக்கூட்டுவது அன்று ஒரு குறையாக இல்லை, எல்லோரும் செய்கிற வேலையாக இருந்தது. அதிலேயே பழகிப்போயிருந்த சிறுமி முன்வரிசையில் இருந்தாள். தன் பெயரை முடித்துவிட்டு அப்பத்தாவின் பெயரையும் கீறினாள். பிறகு பக்கத்துப் பிள்ளைகளின் ஓடுகளை வாங்கி ஒவ்வொரு பெயராகக் கூட்டிப் படித்தாள். நான் அவளைப் படி என்று சொல்லவில்லை.

இதை மிகைப்படுத்தக் கூடாது. அந்த வாரத்தால் அவள் மொட்டு நிலைக்குப் போய்விடவில்லை. அடுத்த மதிப்பீட்டிலும் அரும்புதான். மாறியது இதுதான்: அடுத்த திங்கட்கிழமை வந்து, சில்லைப் பற்றி எழுதியிருக்கிற புத்தகம் இருக்கிறதா என்று கேட்டாள். நூலகப் பெட்டியில் இல்லை. வியாழக்கிழமை அவள் சொன்னதையே ஆறு வரியாகப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். தன் வாயால் சொன்ன வாக்கியங்கள் என்பதால் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு படித்தாள். இப்போது அந்த வழியில்தான் மற்ற அரும்புப் பிள்ளைகளுக்கும் வாசிப்புத் தாள் தயாரிக்கிறோம்: விளையாட்டைப் பற்றிப் பேச வைப்பது, சொன்னதை எழுதிக் கொடுப்பது.

வராத மூன்று பேர்

புதன்கிழமை வராதவர்களில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. இன்னொருத்தியின் வீட்டில் அனுப்பப் பயந்தார்கள். வீடு தேடிப் போய்ப் பேசியிருந்தால் அனுப்பியிருப்பார்கள், நான் போகவில்லை. மூன்றாமவன் ஐந்தாம் வகுப்பு. வயிற்றுவலி என்று சொல்லியனுப்பியிருந்தான். வண்டி வாடகைக்காக ஆளுக்கு 60 ரூபாய் வசூலித்திருந்தோம். அவன் வீட்டில் அந்த வாரம் அது இல்லை, அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை என்று வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. இல்லாதவர்கள் கொடுக்க வேண்டாம் என்று நான் வகுப்பில் சொல்லியிருந்தேன். எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னதே தப்பு. இல்லாதவன் என்று எந்தப் பிள்ளை கையைத் தூக்கும்?

வியாழக்கிழமை எல்லோரும் தாங்கள் பார்த்ததைச் சொன்னபோது அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றைப் பிடித்து 26 மீட்டரை அளக்கிற வேலையை என் சக ஆசிரியர் அவனிடம் கொடுத்தார். நன்றாக அளந்தான். அதனால் புதன்கிழமை ஈடாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பள்ளி நாளை அவனுக்குத் திருப்பித் தர எங்களிடம் வழி இல்லை.

அடுத்த சுற்றுலாவுக்குப் பிள்ளைகளிடம் பணம் வாங்குவதில்லை என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். வண்டி வாடகையை ஊர்ப் பொதுவிலும் முன்னாள் மாணவர்களிடமும் திரட்டுவது, கிடைத்த அளவுக்குத் தூரத்தைக் குறைத்துக்கொள்வது. பயிற்சித்தாள் கிடையாது, ஒரே ஒரு கேள்வியோடு போவது. ஓட்டப் போட்டி நாள் ஒன்றைக் குறைத்து, அந்த நாளைப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த விளையாட்டை எங்களுக்குக் கற்றுத் தருகிற நாளாக வைப்பது. பம்பரமும் பல்லாங்குழியும் ஐந்தாங்கல்லும் காத்திருக்கின்றன.

முளைக்குச்சிகள் இன்னும் மைதானத்தில்தான் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் தஞ்சைப் பெரிய கோயிலை இரண்டு தடவை பிடுங்கிவிட்டார்கள். திங்கட்கிழமை, கயிறு பிடித்து அளந்த அந்தப் பையனை வைத்துத்தான் திரும்ப அளந்து அடிக்க வேண்டும்.